தோள் இறங்கிவிட்டதா? லேப்ரம் கிழிசல் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

கபடியில் கைகோத்து நிற்கும் இருவருக்கு நடுவே ரெய்டர் பாய்ந்து உடைத்துக்கொண்டு போகிறார்; பிடித்திருந்தவரின் கை பின்பக்கமாக முறுக்கிக்கொள்கிறது. கிரிக்கெட்டில் பவுண்டரியைத் தடுக்க ஒருவர் டைவ் அடித்து, நீட்டிய கையோடு தரையில் மோதுகிறார். பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நிற்பவர் சடன் பிரேக்கில் முன்னால் போய்விட, கை மட்டும் கம்பியிலேயே நிற்கிறது. இந்த மூன்றிலும் தோள்மூட்டு நழுவ வழி உண்டு. அப்புறம் எம்ஆர்ஐ எடுத்தால் ‘லேப்ரம்’, அதாவது மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பு வளையம், கிழிந்திருக்கிறது என்று அறிக்கை வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா?”

அறிக்கையை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. தோள் நழுவுகிறதா, எந்தப் பக்கம் நழுவுகிறது, முதல் தடவை நழுவியபோது வயது என்ன, அந்தக் கையால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்ற நான்கும் தெரிந்தால்தான் கிழிசலுக்கே ஒரு பொருள் வருகிறது. மருத்துவரிடம் போவதற்கு முன்பும் போய்வந்த பின்பும் உதவும்படி இதை வரிசையாகச் சொல்கிறேன். நோயைக் கண்டுபிடிப்பது மருத்துவரின் வேலை. சரியான கேள்வியோடு அவர் முன்னால் உட்காருவது நம் வேலை.

மூட்டை எது பிடித்து வைத்திருக்கிறது

மேற்கை எலும்பின் தலை உருண்டையானது. அது பொருந்தியிருக்கும் தோள்பட்டை எலும்பின் கிண்ணமோ மிகவும் ஆழம் குறைந்தது. பள்ளி விளையாட்டு விழாவில் ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுவார்களே, கிட்டத்தட்ட அந்த நிலைமைதான். எந்த நேரத்திலும் உருண்டையின் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் கிண்ணத்தைத் தொட்டிருக்கும். கையை இத்தனை திசைகளில் சுழற்ற முடிவது இதனால்தான். உடம்பில் உள்ள பெரிய மூட்டுகளில் அதிகம் விலகுவது தோள்மூட்டாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

அந்தக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிலும் நார்த்தன்மையுள்ள ஒரு குருத்தெலும்பு வளையம் ஒட்டியிருக்கிறது. அதுதான் லேப்ரம். தோள் விஷயத்தில் ‘ஜவ்வு கிழிஞ்சிருக்கு’ என்று சொன்னால் பெரும்பாலும் இதையோ, இதனுடன் சேர்ந்த தசைநார்களையோதான் குறிக்கிறார்கள். கிண்ணத்தின் ஆழத்தில் ஏறக்குறைய பாதி இந்த வளையத்தால் கிடைப்பது. மூட்டுக்குள் லேசான உறிஞ்சுபிடி உண்டாக உதவுவதும் இதுதான். இதைவிட முக்கியமான வேலை ஒன்றும் இதற்கு உண்டு: முன்பக்கத் தசைநார்கள் கிண்ணத்தோடு சேருவது இந்த வளையத்தில்தான், மேற்கையின் முன்பக்கம் இருக்கும் பைசெப்ஸ் தசையின் நீளமான நாண் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு) சேருவதும் இதன் மேல்பகுதியில்தான். ஆகவே முன்பக்கம் லேப்ரம் பெயர்ந்தால் தசைநாரின் பிடிமானமும் சேர்ந்தே பெயர்கிறது.

இதற்கு வெளியே ரொட்டேட்டர் கஃப் என்ற நான்கு தசைகள் உருண்டையைக் கிண்ணத்துக்குள் அழுத்திப் பிடிக்கின்றன. தோள்பட்டை எலும்பை நகர்த்தும் முதுகுத் தசைகள், கை போகும் திசைக்கு ஏற்பக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கின்றன. பிசியோதெரபி பயிற்சி கொடுப்பது இந்தத் தசைகளுக்குத்தான். கிழிந்த லேப்ரத்தை அது ஒட்ட வைப்பதில்லை. ஒட்டாமலேயே பலருக்குத் தோள் நிலையாக நிற்பதற்கும், சிலருக்கு எவ்வளவு பயிற்சி செய்தும் நிற்காமல் போவதற்கும் காரணம் இதில்தான் இருக்கிறது.

முதலில், உங்கள் கதை எது?

‘தோள்ல ஜவ்வு பிரச்சினை’ என்று வருபவர்கள் எல்லாரும் ஒரே ரகம் அல்ல. நான்கு ரகமாகப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அடிபட்டு மூட்டு விலகியவர்கள் முதல் ரகம். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உருண்டை முன்பக்கமாக, கீழே இறங்கியிருக்கும். கை மேலே தூக்கி வெளிப்பக்கம் திரும்பியிருக்கும்போது, அதாவது பந்து எறியக் கையை ஓங்கும் அந்த நிலையில், இது நடக்கிறது.

இரண்டாவது ரகம், தலைக்கு மேலே கையை வீசுகிறவர்கள்: வேகப்பந்து வீச்சாளர், வாலிபால் ஸ்மாஷர், பேட்மின்டன் ஆடுபவர், நீச்சல்காரர். மூட்டு ஒருநாளும் கழன்றிருக்காது. ஓங்கும்போது ஆழத்தில் ஒரு வலி, ‘களுக்’ என்று ஒரு சத்தம், எறிதலில் வேகம் குறைவு, இவ்வளவுதான் புகார். பைசெப்ஸ் நாண் சேரும் மேல்பகுதியில் லேப்ரம் விட்டுப்போயிருக்கலாம். இதற்கு ஸ்லாப் கிழிசல் என்று பெயர். 1990-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டீபன் ஸ்னைடரும் அவருடைய குழுவினரும் இதை நான்கு வகையாகப் பிரித்தார்கள். இன்றும் அறிக்கைகளில் ‘டைப் 2’ என்றெல்லாம் வருவது அந்தக் கணக்குதான்.

அடுத்தது, பிறவியிலேயே மூட்டுகள் தளர்ந்தவர்கள். கட்டைவிரலை முன்னங்கையில் தொட வைப்பார்கள், முழங்கை பின்பக்கம் வளையும், முட்டியை மடக்காமல் உள்ளங்கையைத் தரையில் ஊன்றுவார்கள். இவர்களுக்குத் தோள் முன்னே, பின்னே, கீழே எனப் பல திசைகளிலும் நழுவலாம். பெரிய அடி எதுவும் பட்டிருக்காது. லேப்ரம் கிழிந்தே இருக்காமலும் போகலாம். நண்பர்களுக்கு வேடிக்கை காட்டத் தோளைக் கழற்றி மாட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

நான்காவது ரகம்தான் எண்ணிக்கையில் அதிகம் என்பது என் எண்ணம்: நாற்பதைத் தாண்டியவர், தோள் வலி, எம்ஆர்ஐ எடுத்தார், லேப்ரம் கிழிசல் என்று வந்தது. இவருடைய வலிக்கு லேப்ரம் காரணமாக இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். தோள்மூட்டு இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டர், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சகஜமாக வருகிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்னங்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். உங்களாலும் முடியவில்லை, இன்னொருவர் மெதுவாகத் திருப்பினாலும் நகரவில்லை என்றால் அது பெரும்பாலும் இறுக்கம். நழுவலுக்கு நேர் எதிரான பிரச்சினை அது, சிகிச்சையும் வேறு.

தோள் கழன்ற நிமிடத்தில் என்ன செய்வது

மைதானத்தில் கட்டாயம் ஒருவர் இருப்பார்: “நான் இழுத்து மாட்டி விடுறேன், எனக்குப் பழக்கம்.” அவரைத் தள்ளி நிறுத்துங்கள். விலகலோடு எலும்பு முறிவும் சேர்ந்திருக்கலாம். எக்ஸ்ரே இல்லாமல் இழுத்தால் விரிசல் முறிவாகும், நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்கலாம். நாட்டுக் கட்டு கட்டுபவரிடம் போவதானாலும் இதே பேச்சுதான். படம் பார்க்காத கைக்குத் தோளைக் கொடுக்காதீர்கள்.

கை எந்த நிலையில் வசதியாக இருக்கிறதோ அந்த நிலையிலேயே துண்டையோ துப்பட்டாவையோ கழுத்தில் கட்டித் தாங்கல் கொடுங்கள். வலுக்கட்டாயமாக உடம்போடு ஒட்ட வைக்க வேண்டாம். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடுங்கள். ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து, இருபது நிமிடம் வைக்கலாம். மூட்டைத் திரும்பப் பொருத்த மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதால் காபி, டீ, சோடா எதுவும் கொடுக்காதீர்கள். விரல்கள் மரத்திருந்தால், வெளுத்தோ குளிர்ந்தோ இருந்தால், மணிக்கட்டில் நாடி தட்டுப்படாவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மருத்துவமனையில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது எக்ஸ்ரே விஷயம். பொருத்துவதற்கு முன் ஒன்று, பொருத்திய பின் ஒன்று. இரண்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். குறைந்தபட்சம் செல்போனிலாவது படம் எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டை முன்னே போயிருந்ததா பின்னே போயிருந்ததா என்பதற்குப் பிற்காலத்தில் இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. தோளின் வெளிப்புறத்தில், சட்டைக் கை தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, தொட்டால் உணர்வு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே மரத்திருந்தால் அக்சிலரி நரம்பு இழுபட்டிருக்கிறது. பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ தானாகத் திரும்பிவிடும். ஆனால் அது முதல் நாளே பதிவாகியிருக்க வேண்டும்.

வலிப்பு வந்தோ மின்சாரம் தாக்கியோ தோள் வலி என்றால் தனிக் கவனம் தேவை. இந்த இரண்டிலும் உருண்டை பின்பக்கமாக விலகக்கூடும். நேராக எடுத்த எக்ஸ்ரேயில் அது சரியாக இருப்பது போலவே தெரிந்து ஏமாற்றிவிடும். ‘எக்ஸ்ரே நார்மல், ஆனா கையை வெளிப்பக்கம் திருப்பவே முடியல’ என்ற நிலை இருந்தால், அக்குள் வழியாக எடுக்கும் பக்கவாட்டுப் படமோ சிடி ஸ்கேனோ எடுக்கலாமா என்று நீங்களே கேளுங்கள்.

கழன்ற தோள் தானாகவே உள்ளே போய்விட்டாலும் பேசாமல் இருந்துவிடக் கூடாது. ஓரிரு நாளில் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். வளரும் பிள்ளைகளுக்கு விலகல் போலத் தோன்றுவது எலும்பின் வளர்ச்சித் தட்டில் ஏற்பட்ட முறிவாகவும் இருக்கலாம். முதியவர்கள் விழுந்தால் மேற்கை எலும்பின் கழுத்தே முறிந்திருக்கலாம்.

மருத்துவரிடம் என்ன சொல்வது

‘தோள் வலி’ என்று மட்டும் சொன்னால் நேரம் வீணாகும். முதல் தடவை கை எந்த நிலையில் இருந்தது, யாராவது பொருத்தினார்களா அல்லது தானாகப் போனதா, அதன் பிறகு எத்தனை முறை, இப்போது எவ்வளவு சின்ன வேலையில் நழுவுகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். முதல் தடவை கபடியில் போனது, பிறகு சட்டை மாட்டும்போது போகிறது, இப்போது தூக்கத்தில் புரண்டாலே போகிறது என்றால் மருத்துவர் உடனே எலும்புத் தேய்மானத்தைத் தேடுவார். வலிப்பு வந்ததுண்டா, வீட்டில் வேறு யாருக்காவது மூட்டுத் தளர்ச்சி உண்டா என்பதையும் மறைக்காதீர்கள்.

அவர் உங்களைப் படுக்க வைத்துக் கையைப் பக்கவாட்டில் தூக்கி, முழங்கையை மடக்கி, மெதுவாக வெளிப்பக்கம் திருப்புவார். அப்போது அவர் எதிர்பார்ப்பது வலியை அல்ல, பயத்தை. ‘ஐயோ, கழன்றுவிடும்’ என்று முகம் மாறும் அந்தக் கணம்தான் விடை. பிறகு உருண்டையை முன்னாலிருந்து பின்னுக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டு அதையே செய்வார். பயம் போய்விட்டால் முன்பக்க நழுவல் என்று கிட்டத்தட்ட உறுதி. கையைக் கீழே இழுத்துத் தோள் எலும்புக்கு அடியில் பள்ளம் விழுகிறதா என்று பார்ப்பது தளர்ச்சிக்கான சோதனை. விரல், கட்டைவிரல், முழங்கை, முட்டி, முதுகு இவற்றை வளைத்துப் பார்த்து 9-க்கு மதிப்பெண் போடுவதும் உண்டு. அது பெய்டன் அளவை. யூடியூப் பார்த்து இவற்றை நண்பரைக் கொண்டு செய்து பார்க்காதீர்கள், உண்மையிலேயே கழன்றுவிடும்.

ஸ்கேன் எடுப்பதும் அறிக்கையைப் படிப்பதும்

மூட்டு விலகிய முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்குள் எம்ஆர்ஐ எடுத்தால் ஒரு நன்மை உண்டு. மூட்டுக்குள் கசிந்த ரத்தமே கிழிசலின் இடுக்கில் புகுந்து அதை எடுத்துக்காட்டும். நாளான பிறகு அந்த உதவி கிடைக்காது. அப்போது மூட்டுக்குள் ஊசி வழியாக மருந்துத் திரவம் செலுத்தி எடுக்கும் எம்ஆர் ஆர்த்ரோகிராம் கேட்பார்கள். ஒவ்வாமை இருந்தாலும், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும், உடம்பில் உலோகக் கருவி ஏதும் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பலமுறை கழன்ற தோளுக்கு எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்கச் சிடி ஸ்கேன்தான் நன்றாக உதவும். எம்ஆர்ஐ இருக்கிறதே, சிடி எதற்கு என்று சண்டை போட வேண்டாம்.

அறிக்கையில் வரும் பெயர்கள் பெரும்பாலும் ஆட்களின் பெயர்கள். முன்பக்கம், கீழ்ப்பாதியில் லேப்ரம் பெயர்ந்திருந்தால் பேங்கார்ட் கிழிசல். லண்டன் அறுவை மருத்துவர் பிளண்டெல் பேங்கார்ட் 1923-இல் இதைப் பற்றி எழுதினார். லேப்ரத்தோடு கிண்ணத்தின் ஒரு துண்டு எலும்பும் சேர்ந்து உடைந்திருந்தால் ‘போனி பேங்கார்ட்’. உருண்டை வெளியே போகும்போது அதன் பின்பக்கம் கிண்ண விளிம்பில் இடித்து ஒரு பள்ளம் விழும். 1940-இல் அதை விவரித்த ஹில், சாக்ஸ் என்ற இரு அமெரிக்க எக்ஸ்ரே மருத்துவர்களின் பெயரால் அது ஹில்-சாக்ஸ் பள்ளம். ‘உண்மையிலேயே கழன்றதா, இல்ல கழன்ற மாதிரி இருந்ததா?’ என்ற சந்தேகத்துக்கு இந்தப் பள்ளம் முடிவு கட்டிவிடும்.

கிழிசல் இருக்கும் இடத்தைக் கடிகார முள்ளைப் போல் எழுதுவார்கள். கிண்ணத்தின் உச்சி 12 மணி, அடி 6 மணி. 12-ஐ ஒட்டி இரண்டு பக்கமும் என்றால் ஸ்லாப் பகுதி. முன்பக்கம் 3-க்கும் 6-க்கும் இடையில் என்றால் பேங்கார்ட் பகுதி. முன்பக்க மேல்பாதியில், 1-க்கும் 3-க்கும் இடையில், சிலருக்குப் பிறவியிலேயே லேப்ரம் எலும்போடு ஒட்டாமல் சிறு துவாரம் இருக்கும். அது கிழிசலே அல்ல. அனுபவமுள்ளவர்களும் சில நேரம் தடுமாறும் இடம் இது. அதனால் அந்த இடத்தை மட்டும் சொல்லி அறுவை சிகிச்சை பேசினால் இன்னொருவரிடமும் கருத்துக் கேட்பது தப்பில்லை.

நடுவயதுக்காரர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். தலைமுடி நரைப்பது போல லேப்ரமும் வயதோடு நைகிறது. 45 முதல் 60 வயது வரை உள்ள, தோளில் எந்த வலியும் இல்லாத ஆட்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோருக்கு மேல்பகுதி லேப்ரம் கிழிந்திருப்பதாகவே படம் பார்த்த மருத்துவர்கள் சொன்னார்கள். ஆகவே ‘ஸ்லாப் கிழிசல்’ என்ற வார்த்தையைப் பார்த்துப் பதற வேண்டாம். ‘லேப்ரத்தை ஒட்டி நீர்க்கட்டி’ என்று போட்டிருந்தால் மட்டும் கூடுதலாகக் கேளுங்கள். அது பக்கத்து நரம்பை அழுத்திக் கையின் பலத்தைக் குறைக்கக்கூடும்.

பயிற்சியா, அறுவை சிகிச்சையா?

முதல் விலகலின்போது இருந்த வயதைப் போல வருங்காலத்தைச் சொல்வது வேறு எதுவும் இல்லை. இருபதுக்குள் கழன்ற தோள் மறுபடி கழலும் வாய்ப்பு மிக அதிகம், அதுவும் மோதல் ஆட்டம் ஆடும் பையன்களுக்கு. வயது ஏற ஏற அது இறங்கிக்கொண்டே போகிறது. நாற்பதுக்கு மேல் மறுபடி நழுவுவது குறைவு; ஆனால் அந்த வயதில் விலகலோடு ரொட்டேட்டர் கஃப் தசை கிழியும் வாய்ப்பு அதிகம். பொருத்தி இரண்டு வாரம் ஆகியும் கையைத் தூக்க முடியவில்லை என்றால் ‘வலி இன்னும் இருக்கு’ என்று விட்டுவிடாமல் தசையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் தடவை கழன்றது, வயது முப்பதைத் தாண்டிவிட்டது, அலுவலக வேலை, எலும்பு நன்றாக இருக்கிறது என்றால் பயிற்சியில் தொடங்குவதே நியாயம். பதினெட்டு வயது, கபடி ஆட்டக்காரர், லேப்ரம் பெயர்ந்திருக்கிறது என்றால் முதல் தடவையிலேயே அறுவை சிகிச்சை பேசும் மருத்துவரைச் சந்தேகப்படாதீர்கள். ஒவ்வொரு நழுவலும் கொஞ்சம் எலும்பையும் தேய்க்கிறது. இரண்டு, மூன்று முறை கழன்று, எலும்பும் தேய்ந்திருந்தால் பயிற்சி மட்டும் போதாது.

பலதிசைத் தளர்ச்சி உள்ளவர்களுக்கு இது தலைகீழ். அவர்கள் குறைந்தது ஆறு மாதமாவது பொறுமையாகப் பயிற்சி செய்த பிறகுதான் கத்தியைப் பற்றிப் பேச வேண்டும். வலிப்பால் கழல்கிறவர்களுக்கு முதலில் வலிப்பு கட்டுக்குள் வர வேண்டும். அது வராமல் தோளை மட்டும் தைத்தால் தையல் நிற்காது.

பயிற்சிப் பாதை

கையைக் கழுத்திலிருந்து தாங்கும் தொட்டில் கட்டு இரண்டு, மூன்று வாரம். அதற்கு மேல் மாதக்கணக்கில் கட்டி வைப்பதால் மறுபடி கழலாது என்று நினைப்பது தவறு. தோள் இறுகுவதுதான் மிச்சம். இந்த வாரங்களில் விரல், மணிக்கட்டு, முழங்கையைத் தினமும் அசையுங்கள். நம் வெயிலில் அக்குள் வியர்த்துப் புண்ணாகும். குளிக்கும்போது கட்டை அவிழ்த்து, முன்னால் குனிந்து கையைத் தளர்வாகத் தொங்கவிட்டுக் கழுவித் துடையுங்கள். அந்தக் குனிந்த நிலையில் கையை ஊஞ்சல் போல லேசாக ஆட்டுவதே முதல் பயிற்சியும் ஆகும்.

மூன்றாவது வாரத்திலிருந்து, மருத்துவர் சரி என்றதும், சுவரில் மடித்த துண்டை வைத்து முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு கையை உள்பக்கமும் வெளிப்பக்கமும் அழுத்தலாம். மூட்டு நகராது, தசை மட்டும் வேலை செய்யும். நல்ல கையின் துணையோடு அடிபட்ட கையை முன்பக்கமாகத் தூக்கிப் பழகுங்கள். ஓங்கி எறியும் நிலை மட்டும் இப்போதைக்குத் தடை.

ஆறு வாரத்துக்குப் பின் ரப்பர் பட்டை. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு பட்டையை வெளிப்பக்கம் இழுப்பது, பட்டையைப் பின்னால் இழுத்துத் தோள்பட்டை எலும்புகளை நெருக்குவது, சுவரில் தண்டால், பிறகு மேசையில், பிறகு தரையில். எடையை விட நிதானம் முக்கியம். வாரம் ஒருமுறை பிசியோதெரபிஸ்ட் பார்த்தால் போதும், தினசரி வேலை வீட்டில்தான்.

ஆனால் திசையை மறந்துவிடாதீர்கள். மேலே சொன்னது முன்பக்க நழுவலுக்கு. பின்பக்கம் நழுவுகிறவர்களுக்குத் தண்டாலும் பெஞ்ச் பிரஸ்ஸும்தான் முதல் எதிரி. ஜிம்முக்குப் போகும் முன்பக்க நழுவல்காரர்கள் பாரைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ், புல்டவுன், ஆழமான டிப்ஸ் ஆகியவற்றைத் தவிர்க்கலாம். டிரெய்னர் ‘ஒண்ணும் ஆகாது’ என்றால் சிரித்துவிட்டு வேறு கருவிக்கு நகருங்கள்.

அறுவை சிகிச்சை என்றால் எது?

எலும்பு அதிகம் தேயாமல் இருந்தால் நுண்துளை வழியாகப் பெயர்ந்த லேப்ரத்தை மறுபடி கிண்ண விளிம்பில் பொருத்துவார்கள். எலும்பில் ஆங்கர் என்ற சிறு முளைகளைப் பதித்து, அவற்றில் உள்ள நூலால் லேப்ரத்தையும் தசைநாரையும் இழுத்துக் கட்டுவது. உருண்டையில் பள்ளம் பெரிதாக இருந்தால் பின்பக்கத் தசைநாணை அந்தப் பள்ளத்துக்குள் தைத்து நிரப்புவதும் உண்டு. கிண்ணத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ எலும்பு போயிருந்தால் வெறும் தையலை நம்ப மாட்டார்கள். தோளின் முன்பக்கம் இருக்கும் கொராக்காய்டு என்ற எலும்பு முனையை, அதில் சேர்ந்த தசையோடு வெட்டி, தேய்ந்த இடத்தில் திருகாணியால் பொருத்துவார்கள். பிரான்ஸின் மிஷேல் லாதர்ஜே 1954-இல் விவரித்த முறை இது. சில மருத்துவர்கள் இன்னும் குறைந்த தேய்மானத்திலேயே இதை விரும்புகிறார்கள். அதனால் ‘என் எலும்பு இழப்பு எத்தனை சதவீதம்?’ என்ற கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நடுவயதில் ஸ்லாப் கிழிசல்தான் வலிக்குக் காரணம் என்று உறுதியானால், லேப்ரத்தைத் தைப்பதைவிட பைசெப்ஸ் நாணை அங்கிருந்து எடுத்து மேற்கை எலும்பில் மாற்றிப் பொருத்துவதைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். தைத்தால் தோள் இறுகிப் போகும் தொல்லை அந்த வயதில் அதிகம்.

கிருமித் தொற்று, இறுக்கம், நரம்பு பாதிப்பு, மறுபடி கழல்வது, இந்த நான்கும் எந்த முறையிலும் ஓரளவு உண்டு. நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியும் போட்டிருந்தால் அடுத்த நாள் வரைகூடக் கை உங்களுடையது போலவே இருக்காது, பயப்பட வேண்டாம். ஆனால் மரப்பு விடுவதற்கு முன்பே, சொன்ன நேரத்துக்கு வலி மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பின்

தொட்டில் கட்டு பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம். முதல் இரண்டு வாரம் மல்லாந்து தட்டையாகப் படுப்பது கஷ்டம். முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்த நிலையில் தூங்குங்கள். முழங்கைக்குக் கீழேயும் ஒன்று வையுங்கள், கை பின்னால் சரியக் கூடாது. பனியனை மறந்துவிட்டு முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைக்கு மாறுங்கள். போடும்போது ஆபரேஷன் செய்த கை முதலில், கழற்றும்போது கடைசியில். தையல் இடம் சிவந்தாலோ, நீர் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே போய்க் காட்டுங்கள்.

முழங்கை உடம்போடு இருக்கும்படி உட்கார்ந்து டைப் அடிக்கும் வேலைக்குச் சில வாரங்களிலேயே திரும்பலாம். பைக் மட்டும் அவசரப்படாதீர்கள். கட்டு கழன்று, இரண்டு கையாலும் திடீரென்று பிரேக் பிடித்து வண்டியைத் தாங்க முடிய வேண்டும். அதற்குக் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். கட்டோடு பின்சீட்டில் உட்கார்ந்து போவதும் ஆபத்துதான், விழுந்தால் ஊன்றக் கை இல்லை. தண்ணீர்க் குடம், சிலிண்டர் தூக்குவதெல்லாம் மூன்று மாதத்துக்குப் பிறகு.

ஆட்டத்துக்குத் திரும்ப ஐந்து, ஆறு மாதம். 2021 மார்ச்சில் புனேவில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் டைவ் அடித்த ஸ்ரேயஸ் ஐயருக்கு இடது தோள் நழுவியது. ஏப்ரலில் அறுவை சிகிச்சை, செப்டம்பரில் ஐபிஎல்லின் இரண்டாம் பகுதியில் மறுபடி களம். கூடவே நிற்க மருத்துவக் குழு இருந்தவருக்கே அவ்வளவு காலம் ஆனது. நம்மூர் டோர்னமென்டுக்காக மூன்றாவது மாதமே இறங்குவது சரியில்லை.

நாள்காட்டியை மட்டும் பார்த்தும் இறங்கக் கூடாது. இரண்டு தோளும் ஒரே அளவு சுழல வேண்டும். வெளிப்பக்கம் திருப்பும் பலம் மற்றக் கைக்குக் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். ஓங்கும் நிலையில் பயம் இருக்கக் கூடாது. கபடிக்காரர் முதலில் தனியாக விழுந்து எழுந்து பழகி, பிறகு மெதுவாகக் கைகோத்து, கடைசியில்தான் முழு வேகச் சங்கிலிப் பிடிக்குப் போக வேண்டும். ஆறு மாதம் கழித்தும் கையை ஓங்கும்போது அந்தப் பழைய பயம் விடவில்லை என்றால், இன்னொரு தடவை கழலட்டும் என்று காத்திருக்காதீர்கள். எடுத்த படங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோய் எலும்பின் அளவை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.